பன்றிக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

காலை ஏழுக்கு எனக்கு உடலை விற்றான்,
ஏழேகாலுக்கு வேறொருவருக்கு உயிரை.
செப்டம்பர் பனி கலையாத வயலில் உதிரிபாகச் சந்தை,
ஆள் பெயர் ஓல்ட்ரிக், கையில் அப்போதே பியர்.
பொய் சொன்னான் என்று சொல்ல முடியாது.
"எஞ்சினும் உண்டா என்று நீங்கள் கேட்டீர்களா?"

கேட்கவில்லை.
அறுபத்தொன்றாம் வருடத்துச் செசெட்டா.
முன்சக்கரத்துக்கு மேல் பெட்ரோல் டாங்க்
மூக்கு மாதிரி நீண்டிருக்கும்,
எங்கள் நாட்டில் அதற்குப் பன்றி என்றே செல்லப்பெயர்.
நான் அந்த மூக்கைத்தான் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே ஆறாயிரம் கொரூனா எண்ணினேன்.
ஒலொமௌட்ஸ் டிராம் பணிமனையில்
இரவுக்கு இரவு பெட்டி கழுவிச் சேர்த்தது.
கொஞ்சம் குனிந்து
இருக்கைக்கு அடியிலும் பார்த்திருக்கலாம்.

அன்றிலிருந்து குளியல் தொட்டி பன்றிக்கு.
மூன்று கிலோ சிட்ரிக் அமிலம், வெந்நீர், இரண்டு நாள் ஊறல்.
நான் எதிர்வீட்டு பிளாங்காவிடம் சோப்போடு போய் நின்றேன்.
துரு கரைந்தது, கூடவே மிதியடித் தகடும் கரைந்தது.
இத்தனை வருடம் அதைத் தாங்கியது துருதான் போல.
புதுத் தகடு, தெருவில் எறிந்த வாஷிங் மெஷினின் விலா.
பெயிண்ட், பணிமனை ஸ்டோரில் நசுங்கிய டின், பாதி விலை,
ஆகவே என் பன்றி நாலாம் எண் டிராமின் சிவப்பு.
ஹாரன் ஒன்றுதான் புதிது. நூற்றிருபது.
ஓடாத வண்டிக்கு ஹாரன் எதற்கு என்றாள் பிளாங்கா.
யாராவது குறுக்கே வந்துவிட்டால்?

எஞ்சின் ஸ்லீனில் இருக்கிறது.
வைத்திருப்பவர் வ்லாஸ்திமில், பல்செட் செய்கிறவர்.
அவராகவே கூப்பிட்டார், உடலைக் கொடுங்கள், ஐயாயிரத்து இருநூறு.
எஞ்சினைக் கொடுங்கள், ஐயாயிரம் என்றேன்.
எனக்கே ஐயாயிரத்து எண்ணூறு ஆனது என்றார்.
எனக்கே ஆறாயிரம்.
இரண்டு பக்கமும் எண்ணூறு உதைத்தது.
யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரமா என்பார்கள்.
இங்கே யானை எது அங்குசம் எது என்பதிலேயே வழக்கு.

மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை ஆறு, போன் வரும்.
அக்டோபரில் பிஸ்டன் வளையம் மாற்றியிருந்தார்.
டிசம்பரில், பல் குடையும் ஊசியால்
கார்புரேட்டரின் கண்ணைத் திறந்தாராம்,
சொத்தை எதுவும் இல்லை என்றார், சிரிக்காமல்.
பிப்ரவரியில் "கொஞ்சம் இருங்கள்" என்றார்.

மரச்சட்டத்தில் எஞ்சின்.
டாங்க் என்னிடம் இருப்பதால்
சலைன் பாட்டிலில் தலைகீழாய்ப் பெட்ரோல்.
முதல் உதைக்கு இருமல்.
இரண்டாவதற்கு அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது,
நூற்றெழுபத்தைந்து சி.சி., டொட்டொட்டொட்டென்று
என் காதுக்குள் ஒரு முழுத் தெரு.
என் கை இருக்கைமேல் இருந்தது.
அது அதிரவில்லை.
அதிர்ந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.

ஹாரனை அமுக்கினேன்.
அந்தப் பக்கம் எஞ்சின் நின்றது.
"என்ன அது?"
"ஹாரன்."
"எந்த வருடத்தது?"
"போன மாதத்தது."
வெகுநேரம் பேச்சில்லை.
"பழையதாகப் போட்டிருக்கலாம்" என்றார்,
தன் வண்டியைப் பற்றிச் சொல்வது போல.
நான் விலையில் இருநூறு ஏற்றினேன்.
யோசிக்கிறேன் என்றார்.

ஏப்ரல் வந்துவிட்டது, யோசிக்கிறார்.
நேற்று பிளாங்கா ஒரு சீட்டு கொண்டுவந்தாள்.
ப்ர்னோவில் ஒருவரிடம் இதே எஞ்சின், ஓடும் நிலையில்,
நாலாயிரத்து ஐந்நூறு, எண் இதோ.
நல்ல விலைதான்.
சீட்டை மடித்துக் கருவிப் பெட்டிக்குள் வைத்தேன்.
முதலில் பிரேக் வேலை முடியட்டும் என்றேன் அவளிடம்.

போன வாரமே முடிந்துவிட்டது.
முன்னும் பின்னும் இரண்டும் பிடிக்கின்றன.
நிற்கிற வண்டியை
மிக நன்றாக நிறுத்துகின்றன.